திறன்பேசியில் சீரியல் வழுநீக்கக் கேபிளை இணைத்தல்

சீரியல் வழுநீக்கக் கேபிள் என்பது திறன்பேசியில் இயங்கும் பூட்லோடர், கெர்னல் ஆகியவை வெளியிடும் செய்திகளைக் கணினித் திரையில் வரி வரியாகப் படிக்கவும், கணினியிலிருந்து அவற்றுக்குக் கட்டளைகளை அனுப்பவும் உதவும் இணைப்புக் கம்பி ஆகும். இதன் ஒரு முனை கணினியின் யூஎஸ்பி துறையிலும், மறுமுனை திறன்பேசியின் யூஆர்ட் எனப்படும் தொடர்நிலைத் தொடர்பு முனைகளிலும் இணைக்கப்படும். இயங்குதள உருவாக்குநர்கள், பழுதுபார்ப்பவர்கள், பாதுகாப்பு ஆய்வாளர்கள், பழைய திறன்பேசிகளில் லினக்ஸ் நிறுவ முயல்பவர்கள் ஆகியோர் இதைப் பயன்படுத்துகின்றனர். இக்கேபிளைச் செய்வதற்கு ஆகும் செலவு குறைவு. ஆயினும் மின்னழுத்தத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் திறன்பேசியின் முதன்மைச் சில்லே பழுதாகக்கூடும்.

தேவை

ஆண்ட்ராய்டு திறன்பேசியை ஆராய வழக்கமாகப் பயன்படும் கருவி ஏடிபி ஆகும். இது யூஎஸ்பி கேபிள் வழியே இயங்குகிறது. ஆனால் ஏடிபி செயல்படுவதற்குக் கெர்னல் முழுமையாகத் தொடங்கியிருக்க வேண்டும். யூஎஸ்பி இயக்கி ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அதன் மேல் ஏடிபி சேவையும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். திறன்பேசி நிறுவனச் சின்னத்தைக் காட்டியவாறே நின்றுவிட்டால், அல்லது திரையே ஒளிராமல் இருந்தால், இவற்றில் எதுவும் நடந்திருக்காது. அந்நிலையில் ஏடிபி மூலம் எதையும் அறிய முடியாது.

யூஆர்ட் மிக எளிய வன்பொருள் ஆகும். சில பதிவகங்களில் சரியான எண்களை எழுதிவிட்டாலே அது செயல்படத் தொடங்கும். எனவே பூட்லோடரின் தொடக்க வரிகளிலேயே, முதன்மை நினைவகம் இயக்கப்படுவதற்கு முன்பே கூட, அதன் வழியே செய்திகளை அனுப்ப முடிகிறது. கெர்னல் நிலைகுலையும் தறுவாயில் வெளிவரும் கடைசி வரிகளையும் அதே வழியில் பெறலாம்.

யூஆர்ட் இயங்கும் முறை

யூஆர்ட் இணைப்புக்கு மூன்று கம்பிகள் போதும். அனுப்பும் கம்பி டிஎக்ஸ் எனவும், பெறும் கம்பி ஆர்எக்ஸ் எனவும், இரு கருவிகளுக்கும் பொதுவான கம்பி கிரவுண்ட் எனவும் அழைக்கப்படும். ஒரு கருவி அனுப்புவதை மற்றது பெற வேண்டும் என்பதால், திறன்பேசியின் டிஎக்ஸ் கேபிளின் ஆர்எக்ஸுடனும், திறன்பேசியின் ஆர்எக்ஸ் கேபிளின் டிஎக்ஸுடனும் குறுக்காக இணைக்கப்படும். கிரவுண்ட் மட்டும் நேராக இணையும்.

இரு பக்கத்துக்கும் பொதுவான கடிகாரக் கம்பி இதில் இல்லை. அதனால் ஒரு நொடிக்கு எத்தனை பிட்டுகள் என்பதை இருபக்கமும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த வேகம் பாட் வீதம் எனப்படும். செய்தி எதுவும் இல்லாதபோது கம்பி உயர்நிலையில் இருக்கும். எழுத்து ஒன்று வரப்போவதை அறிவிக்க ஒரு பிட் நேரம் தாழ்நிலைக்குச் செல்லும். இது தொடக்க பிட். அதன் பின் 8 தரவு பிட்டுகள், மதிப்பில் சிறியது முதலாக வரும். இறுதியில் ஒரு நிறுத்த பிட் மீண்டும் உயர்நிலையில் வரும்.

எடுத்துக்காட்டாக, ஆங்கிலப் பெரிய எழுத்தான ‘ஏ’-யின் ஆஸ்கி எண் 65. இரும வடிவில் 01000001. கம்பியில் இது 0, 1, 0, 0, 0, 0, 0, 1, 0, 1 என்னும் வரிசையில் செல்லும். முதல் 0 தொடக்க பிட். கடைசி 1 நிறுத்த பிட்.

திறன்பேசிகளில் பரவலாகக் காணப்படும் வேகம் 1,15,200 பாட் ஆகும். ஓர் எழுத்துக்கு 10 பிட்டுகள் தேவைப்படுவதால் நொடிக்கு 11,520 எழுத்துகள் செல்லும். ஒரு பிட்டின் நீளம் ஏறத்தாழ 8.7 மைக்ரோநொடி. பெறும் கருவி ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் மதிப்பைப் படிக்கிறது. பத்தாவது பிட் வரும்போது அரை பிட்டுக்கு மேல் விலகியிருந்தால் படிப்பது தவறிவிடும். எனவே இருபக்க வேகங்களுக்கு இடையே சுமார் 5 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது.

மின்னழுத்த நிலைகள்

இணைப்பில் பெரும்பாலான சேதங்கள் ஏற்படுவது மின்னழுத்தம் பொருந்தாததால் ஆகும். எல்லா சீரியல் இணைப்புகளும் ஒரே பிட் வரிசையைப் பயன்படுத்தினாலும், உயர்நிலைக்கும் தாழ்நிலைக்கும் உரிய மின்னழுத்தம் வெவ்வேறாக உள்ளது.

• ஆர்எஸ்-232: பழைய கணினிகளின் பின்புறம் உள்ள 9 ஊசித் துறை இவ்வகை. இதில் 1 என்பதை -3 முதல் -15 வோல்ட் வரையும், 0 என்பதை +3 முதல் +15 வோல்ட் வரையும் குறிக்கும். இதை எந்தத் திறன்பேசியின் யூஆர்ட் முனையிலும் நேரடியாக இணைக்கக்கூடாது.
• 5 வோல்ட்: பழைய நுண்கட்டுப்படுத்திப் பலகைகளில் காணப்படுவது. இதுவும் திறன்பேசிக்கு ஏற்றதன்று.
• 3.3 வோல்ட்: சில திறன்பேசிகளிலும் பல ஒற்றைப் பலகைக் கணினிகளிலும் உள்ளது.
• 1.8 வோல்ட்: இன்றைய திறன்பேசிச் சில்லுகளில் பரவலாக உள்ள நிலை.

1.8 வோல்ட் முனையில் 3.3 வோல்ட் கேபிளை இணைத்தால் இரண்டு விளைவுகள் உண்டாகும். கேபிள் அனுப்பும் 3.3 வோல்ட், சில்லின் உள்ளீட்டுக் காப்பு டயோடுகள் வழியே அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைச் செலுத்திச் சில்லைச் சேதப்படுத்தலாம். மறுபக்கம், திறன்பேசி அனுப்பும் 1.8 வோல்ட்டைக் கேபிள் உயர்நிலையாக ஏற்காமலும் போகலாம்; 3.3 வோல்ட் சில்லுகள் பலவற்றுக்கு 2 வோல்ட் அல்லது அதற்கு மேல் தேவை. இத்தகைய இடங்களில் 1.8 வோல்ட்டுக்கென அமைந்த கேபிளையோ மின்னழுத்த நிலை மாற்றிச் சில்லையோ பயன்படுத்த வேண்டும்.

இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையைத் திறன்பேசியின் டிஎக்ஸிலும் வைத்துப் பார்த்தால், செய்தி வராத நேரத்தில் அந்தச் சில்லின் உயர்நிலை மின்னழுத்தமே தெரியும். இந்த ஓர் அளவீடு எந்தக் கேபிள் தேவை என்பதைச் சொல்லிவிடும்.

மாற்றிக் கேபிள்

இன்றைய கணினிகளில் சீரியல் துறை இல்லாததால் யூஎஸ்பியை யூஆர்ட்டாக மாற்றும் சில்லு தேவைப்படுகிறது. எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232ஆர், சிலிக்கான் லேப்ஸின் சிபி2102, டபிள்யூசிஎச்சின் சிஎச்340 ஆகியவை பரவலாகக் கிடைக்கும் சில்லுகள். இவற்றின் இயக்கிகள் லினக்ஸ் கெர்னலிலேயே உள்ளன.

எஃப்டிடிஐயின் 3.3 வோல்ட் கேபிளில் கறுப்பு கிரவுண்டையும், ஆரஞ்சு டிஎக்ஸையும், மஞ்சள் ஆர்எக்ஸையும் குறிக்கும். சிவப்புக் கம்பியில் கணினியின் 5 வோல்ட் மின்வழங்கல் வருகிறது. கேபிளின் பெயரில் 3.3 என்று இருந்தாலும் இந்தச் சிவப்புக் கம்பி 3.3 வோல்ட் அன்று. திறன்பேசிக்குத் தன் மின்கலத்திலிருந்தே மின்சாரம் கிடைப்பதால் சிவப்புக் கம்பியை இணைக்கத் தேவையில்லை. அதை மின்காப்பு நாடாவால் சுற்றித் தனியே விடுவது நல்லது. மலிவான கேபிள்களில் நிறங்கள் மாறியிருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும்.

இரு தரவுக் கம்பிகளிலும் 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைப்பது எளிய காப்பு ஆகும். தவறுதலாக இரு டிஎக்ஸ் முனைகள் ஒன்றோடொன்று இணைந்தாலும், 3.3 வோல்ட்டில் 3.3 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாயாது. 1,15,200 பாட் வேகத்துக்கு இந்த மின்தடை பொதுவாகத் தடையாக இருப்பதில்லை.

திறன்பேசியில் யூஆர்ட் அமைந்துள்ள இடங்கள்

திறன்பேசியின் வெளிப்புறத்தில் சீரியல் துறை என்று தனியாக எதுவும் இல்லை. உற்பத்தியாளர்கள் அதை வேறு பயன்பாட்டுக்குரிய துறைகளிலேயே மறைத்து வைக்கின்றனர். உள்ளே உள்ள ஒரு மின்னணுச் சுவிட்ச், குறிப்பிட்ட அடையாளம் கிடைத்தவுடன் அதே ஊசிகளை யூஆர்ட்டுக்கு மாற்றிவிடும்.

ஹெட்போன் துளை

கூகுளின் நெக்சஸ் வரிசைத் திறன்பேசிகள் சிலவற்றில் 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளையே சீரியல் துறையாகவும் இயங்கியது. எல்ஜி தயாரித்த நெக்சஸ் 4 இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. மைக் முனையில் சாதாரண ஹெட்செட் தராத அளவு உயர்ந்த மின்னழுத்தம் வந்தால், இடது வலது ஒலி முனைகள் இரண்டும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் முனைகளாக மாறும்.

இதற்கு நான்கு பட்டைகள் கொண்ட ஹெட்செட் செருகி தேவை. இன்று பரவலாக உள்ள சிடிஐஏ முறையில், நுனியிலிருந்து வரிசையாக இடது ஒலி, வலது ஒலி, கிரவுண்ட், மைக் என அமைந்திருக்கும். ஓஎம்டிபி என்னும் பழைய முறையில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். மைக் இல்லாத மூன்று பட்டைச் செருகியைப் பயன்படுத்தினால் மைக் முனையும் கிரவுண்டும் ஒன்றாக இணைந்துவிடும்.

மைக்ரோ யூஎஸ்பி

மைக்ரோ யூஎஸ்பி துறையில் 5 ஊசிகள் உள்ளன. அவற்றில் ஐடி எனப்படும் ஊசி, செருகப்பட்ட கருவி எத்தகையது என்பதை உணர்த்தப் பயன்படுகிறது. சாம்சங் கேலக்ஸி எஸ் போன்ற திறன்பேசிகளில், ஐடி ஊசிக்கும் கிரவுண்டுக்கும் இடையே உள்ள மின்தடையை ஒரு சில்லு அளந்து பார்க்கும். 619 கிலோ ஓம் மின்தடை இருந்தால் யூஎஸ்பியின் இரு தரவு ஊசிகளும் யூஆர்ட்டுக்கு மாற்றப்படும். மதிப்பு மாறினால் வேறு நிலைக்குச் சென்றுவிடும் என்பதால் 1 விழுக்காடு துல்லியமுள்ள மின்தடை தேவை.

யூஎஸ்பி-சி

யூஎஸ்பி-சி தரத்தில் வழுநீக்கத் துணைக்கருவிக்கென ஒரு நிலை வரையறுக்கப்பட்டுள்ளது. சாதாரணக் கேபிளில் ஒரு சிசி ஊசி மட்டுமே இணைப்பை அறிவிக்கும். வழுநீக்கக் கேபிளில் இரு சிசி ஊசிகளிலும் மின்தடைகள் இருக்கும். கூகுள் பிக்சல் திறன்பேசிகளில் எஸ்பியூ எனப்படும் இரு பக்க ஊசிகள் வழியே யூஆர்ட் வருகிறது. பூட்லோடர் பூட்டு திறக்கப்பட்ட பேசிகளில் ஃபாஸ்ட்பூட் கட்டளை மூலம் இதை இயக்கலாம். பூட்டைத் திறக்கும்போது பேசியில் உள்ள தரவு முழுவதும் அழியும் என்பதை முன்பே கருத வேண்டும். யூஎஸ்பி-சி செருகியைத் திருப்பிச் செருகினால் இரு எஸ்பியூ ஊசிகளும் இடம் மாறும். எனவே செய்தி வராதபோது செருகியைத் திருப்பிப் பார்ப்பதே முதல் சோதனை.

மின்சுற்றுப் பலகை

பல திறன்பேசிகளில் யூஆர்ட் பலகையின் மேலுள்ள சிறு செப்புப் புள்ளிகளில் மட்டுமே இருக்கும். கிரவுண்டோடு நேரடித் தொடர்புள்ள புள்ளி, நிலையான உயர்நிலையில் இருந்து தொடக்கத்தின்போது மட்டும் ஏறியிறங்கும் புள்ளி ஆகியவற்றை மல்டிமீட்டராலும் அலைக்காட்டியாலும் கண்டறியலாம். இரண்டாவது புள்ளியே பெரும்பாலும் டிஎக்ஸ். அதில் மெல்லிய கம்பியைப் பற்றவைக்க நுண்ணிய பற்றவைப்பு முனை வேண்டும்.

எடுத்துக்காட்டு: பைன்ஃபோன்

பைன்64 நிறுவனத்தின் பைன்ஃபோன், சீரியல் இணைப்பைக் கற்பதற்கு ஏற்ற திறன்பேசி. இதன் முதல் வெளியீடு 2020 சனவரியில் வாங்கியவர்களுக்கு அனுப்பப்பட்டது. ஆல்வின்னர் ஏ64 சில்லில் இயங்கும் இதன் யூஆர்ட் நிலை 3.3 வோல்ட், வேகம் 1,15,200 பாட். பூட்லோடரைத் திறக்க உற்பத்தியாளரின் இசைவு எதுவும் தேவையில்லை.

பின்மூடியைக் கழற்றினால் 6 சிறு சுவிட்சுகள் வரிசையாகத் தெரியும். மோடம், வைஃபை, மைக், கேமராக்கள் ஆகியவற்றை வன்பொருள் நிலையிலேயே துண்டிப்பதற்காக இவை அமைக்கப்பட்டன. ஆறாவது சுவிட்ச் ஹெட்போன் துளைக்கு உரியது. அது இயக்க நிலையில் இருந்தால் துளை ஒலிக்குப் பயன்படும். அணைந்த நிலையில் இருந்தால் யூஆர்ட்டாக மாறும். இணைக்கும் முறை பின்வருமாறு:

1. திறன்பேசியை முழுமையாக அணைத்துப் பின்மூடியைக் கழற்ற வேண்டும்.
2. ஆறாவது சுவிட்சை மட்டும் அணைந்த நிலைக்குத் தள்ள வேண்டும். பல்குத்தும் குச்சி போன்ற உலோகமல்லாத நுனி ஏற்றது.
3. 3.3 வோல்ட் மாற்றியின் டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் கம்பிகளை நான்கு பட்டைச் செருகியின் முதல் மூன்று பட்டைகளில் பற்றவைக்க வேண்டும். கிரவுண்ட் மூன்றாம் பட்டையில் அமையும்.
4. மாற்றியைக் கணினியில் செருகி, முனைய நிரலைத் திறந்து வைக்க வேண்டும்.
5. செருகியைத் திறன்பேசியில் முழுவதும் அழுத்திச் செருகிய பின் திறன்பேசியை இயக்க வேண்டும்.

முனைய நிரலை முன்பே திறந்து வைப்பதற்குக் காரணம் உண்டு. பூட்லோடரின் செய்திகள் முதல் சில நொடிகளிலேயே ஓடி முடிந்துவிடும். யூஆர்ட் அவற்றைச் சேமித்து வைப்பதில்லை.

கணினியில் செய்ய வேண்டியவை

லினக்ஸ் கணினியில் மாற்றியைச் செருகியவுடன் டெவ் கோப்புறையில் டிடிஒய்யூஎஸ்பி0 என்பது போன்ற பெயரில் ஒரு கோப்பு தோன்றும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அதைத் திறக்கும் உரிமை டயல்அவுட் குழுவில் உள்ள பயனர்களுக்கு மட்டும் உண்டு. மினிகாம், பிக்கோகாம், ஸ்கிரீன் ஆகிய நிரல்களில் ஒன்றைப் பயன்படுத்தலாம். விண்டோஸில் காம் துறை எண்ணைச் சாதன மேலாளரில் பார்த்து, புட்டி நிரலில் கொடுக்க வேண்டும்.

வேகம் 1,15,200, தரவு பிட் 8, சமநிலை பிட் இல்லை, நிறுத்த பிட் 1, ஓட்டக் கட்டுப்பாடு இல்லை என அமைக்க வேண்டும். கடைசி அமைப்பு பலரால் கவனிக்கப்படாதது. வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு இயக்கத்தில் இருந்தால், மூன்று கம்பி இணைப்பில் இல்லாத ஓர் அனுமதிச் சைகைக்காக நிரல் காத்திருக்கும். அப்போது திறன்பேசியின் செய்திகள் திரையில் வரும். ஆனால் தட்டச்சு செய்வது எதுவும் திறன்பேசிக்குப் போகாது.

திறன்பேசிப் பக்கத்திலும் ஓர் அமைப்பு தேவை. கெர்னல் தன் செய்திகளை எந்தத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்பது, அது தொடங்கும்போது தரப்படும் கட்டளை வரியில் ‘கன்சோல்’ என்னும் அளபுருவால் குறிக்கப்படுகிறது. துறையின் பெயர் சில்லுக்குச் சில்லு மாறுபடும். இந்த அளபுரு இல்லையெனில் பூட்லோடர் செய்திகள் மட்டும் வந்து, கெர்னல் தொடங்கும் இடத்தில் திரை அமைதியாகிவிடும்.

செய்திகளைப் படித்தல்

செய்திகளின் முழுப் பொருளும் புரியாவிட்டாலும், எந்த இடத்தில் நின்றது என்பதே முதன்மையான தகவல் ஆகும். பைன்ஃபோனில் யூ-பூட் என்னும் பூட்லோடரின் முதற்பகுதி முதலில் பேசும். அது நினைவகத்தின் அளவை மெகாபைட்டில் அச்சிடும்; பின் எந்தச் சேமிப்பகத்திலிருந்து தொடங்க முயல்கிறது என்பதைச் சொல்லும். அடுத்து யூ-பூட்டின் முதன்மைப் பகுதியும், அதன் பின் கெர்னலும் தொடரும்.

• ஒரு வரிகூட வரவில்லை எனில் மின்வழங்கல், இணைப்பு, அல்லது பூட்லோடர் எழுதப்பட்ட இடம் ஆகியவற்றில் குறை இருக்கலாம்.
• நினைவகத்தின் அளவு வராமல் நின்றால் நினைவகச் சில்லு அல்லது அதன் அமைப்பு ஐயத்துக்குரியது.
• சேமிப்பகத்தைத் தேடும் வரியில் நின்றால் நினைவக அட்டையையோ உள் சேமிப்பகத்தையோ ஆராய வேண்டும்.
• மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை எனக் கூறிக் கெர்னல் நின்றால் வன்பொருள் பெரும்பாலும் நலமே. கோப்புகளோ அமைப்போ தவறாக உள்ளன.

யூ-பூட் எண்ணிக் குறைக்கும் நேரத்தில் ஏதேனும் ஒரு விசையை அழுத்தினால் அதன் கட்டளை நிலைக்குச் செல்லலாம். அங்கிருந்து வேறு சேமிப்பகத்தைத் தேர்ந்தெடுக்கவும் கெர்னலின் கட்டளை வரியை மாற்றவும் இயலும். ‘இறந்துவிட்டது’ எனக் கைவிடப்பட்ட பேசிகள் சில, இந்நிலையிலிருந்து மீட்கப்படக்கூடியவை.

பொதுவான சிக்கல்கள்

• பொருளற்ற குறிகள் வருதல்: பாட் வீதம் பொருந்தவில்லை. ராக்சிப் சில்லுள்ள கருவிகள் பலவற்றின் வேகம் 15,00,000 பாட். சிபி2102 சில்லின் உச்ச வரம்பு 10,00,000 என்பதால் அங்கு வேறு மாற்றி வேண்டும். கிரவுண்ட் சரியாகத் தொடாவிட்டாலும் இதே விளைவு தோன்றும்.
• எதுவும் வராமை: டிஎக்ஸ், ஆர்எக்ஸ் கம்பிகளை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றியைத் தனியே சோதிக்க, அதன் இரு தரவுக் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துத் தட்டச்சு செய்யலாம். தட்டியது திரும்பி வந்தால் மாற்றி நலம்.
• திறன்பேசி முழுமையாக அணையாமை: கேபிளின் டிஎக்ஸ் எப்போதும் உயர்நிலையில் இருப்பதால், அணைந்த சில்லுக்குள் சிறிதளவு மின்சாரம் கசிந்து செல்லும். கேபிளைப் பிடுங்கிவிட்டு அணைக்க வேண்டும். தொடர் மின்தடை இக்கசிவைக் குறைக்கும்.

பாதுகாப்பு

சீரியல் துறை பழுதுபார்ப்பவருக்கு உதவுவது போலவே, பேசியைக் கையில் எடுத்த எவருக்கும் உதவும். 2013-இல் பிளாக் ஹாட் மாநாட்டில் மைக்கேல் ஆஸ்மன், கைல் ஆஸ்போர்ன் ஆகியோர், ஹெட்போன் துளை, யூஎஸ்பி போன்ற பலபயன் துறைகளில் மறைந்துள்ள இத்தகைய வழிகளைப் பற்றி உரையாற்றினர். எச்டிசி தயாரித்த நெக்சஸ் 9 கைக்கணினியில், ஹெட்போன் துளை வழியே எஃப்ஐக்யூ என்னும் கெர்னல் வழுநீக்கியை யாரும் அணுக முடிந்தது. பூட்டிய திரையைத் திறக்காமலேயே கெர்னலின் உள்விவரங்களைப் படிக்கவும், தரவை அழிக்கும் மீட்டமைப்பைத் தொடங்கவும் இயலும் என ஆய்வாளர்கள் காட்டினர். சிவிஇ-2017-0510 என எண்ணிடப்பட்ட இக்குறை, கூகுளின் 2017 மார்ச் பாதுகாப்பு மேம்படுத்தலில் சரிசெய்யப்பட்டது.

இதன் காரணமாகப் பல உற்பத்தியாளர்கள் விற்பனைக்கு வரும் பேசிகளில் சீரியல் துறையை முடக்குகின்றனர், அல்லது செய்திகளைக் காட்ட மட்டும் விட்டுக் கட்டளை ஏற்பதைத் தடுக்கின்றனர். மறுபுறம், முழுமையாக முடக்கப்பட்ட பேசியில் உரிமையாளரே தம் கருவியின் பழுதை அறிய வழியில்லாமல் போகிறது. பூட்லோடர் பூட்டு திறக்கப்பட்டால் மட்டும் யூஆர்ட் இயங்கச் செய்வது, அல்லது பைன்ஃபோனைப் போல் பின்மூடிக்கு உட்புறம் சுவிட்ச் வைப்பது, இவ்விரு தேவைகளையும் ஓரளவு நிறைவு செய்யும் முறைகள் ஆகும்.

பழைய திறன்பேசிகளில் இதன் இடம்

உற்பத்தியாளரின் மேம்படுத்தல் நின்றுபோன திறன்பேசிகளில் புதிய லினக்ஸ் கெர்னலை இயக்கும் முயற்சிகள் பல நடைபெறுகின்றன. 2017-இல் அறிவிக்கப்பட்ட போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் அவற்றுள் ஒன்று. ஒரு பேசியில் கெர்னலை முதன்முதலாக இயக்கும்போது திரை, தொடுபரப்பு, யூஎஸ்பி ஆகிய எவற்றுக்கும் இயக்கி ஆயத்தமாக இருக்காது. அக்கட்டத்தில் கெர்னல் தொடங்கியதா, எங்கே நின்றது என்பதைச் சொல்லக்கூடிய துறையாகப் பெரும்பாலும் யூஆர்ட்டே இருக்கிறது. மூன்று கம்பிகளையும் சரியான மின்னழுத்தத்தில் இணைக்கத் தெரிந்த மாணவர், கைவிடப்பட்ட ஒரு பழைய பேசியைக் கொண்டே கணினி தொடங்கும் முறையை முதல் வரியிலிருந்து கற்கலாம்.